'ஜப்பான் கார்' என்பது எந்த நாட்டுக் கார்?

அல்சூரில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் அதிகாலையில் கூடும் வாடகைக் கார் ஓட்டுநர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்கு வந்து, இருபது முப்பது ஆண்டுகளாக ஸ்டியரிங் பிடித்தவர்கள். எந்த நாட்டுக் கார் சிறந்தது என்ற வழக்கு அவர்களிடையே தீர்ப்பின்றி நடந்துகொண்டே இருக்கிறது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சினைத் திறக்க வேண்டிய தேவை வராத தம் ஜப்பானிய வண்டியைச் சாட்சிக்கு அழைக்கிறார் ஒருவர். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒருமுறை ஜெர்மன் வண்டியை ஓட்டியவர், மற்றதை வண்டி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், ஒரு விபத்தில் தம்மைக் காயமின்றி வெளியே விட்ட இந்திய வண்டியைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை.

மூவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆயினும் மூவரின் பேச்சும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சென்ற ஆண்டு பழைய கார் ஒன்று வாங்க நினைத்த பக்கத்து வீட்டு அண்ணன் என்னிடம், "தம்பி, ஜப்பான் வாங்கட்டுமா, ஜெர்மனி வாங்கட்டுமா?" என்று கேட்டபோது, கார்த் தொழிலைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கவனித்துவரும் எனக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியில் 'நாடு', 'சிறந்தது' என்ற இரண்டு சொற்களுமே பல பொருள்களைச் சுமந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

பட்டுச் சேலையும் காரும்

சிக்பேட்டைக் கடையில் ஒரு காஞ்சிபுரம் பட்டு வாங்குகிறோம். அதன் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, ராமநகரம் போன்ற பட்டுக்கூட்டுச் சந்தைகள் உள்ள பகுதிகளிலிருந்து போகிறது. சரிகை குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. நெசவு காஞ்சிபுரத்தில் நடக்கிறது. விற்பவர் பெங்களூருக்காரர். அந்தச் சேலை எந்த ஊருடையது என்று கேட்டால் காஞ்சிபுரம் என்று தயங்காமல் சொல்கிறோம், ஏனென்றால் சேலையின் குணத்தைத் தீர்மானிக்கும் நெசவு முறை அந்த ஊருடையது. ஆனால் சரிகை கறுத்துப்போனால் நெசவாளரைக் குறை சொல்வது நியாயமாகாது.

காரும் அப்படிப்பட்டதே, முடிச்சுகள் மட்டும் அதிகம். ஒரு காருக்குக் குறைந்தது ஐந்து 'நாடுகள்' இருக்கின்றன: முகப்பில் உள்ள சின்னம் பிறந்த நாடு, அந்த நிறுவனத்தின் இன்றைய உரிமையாளர் இருக்கும் நாடு, வண்டி வடிவமைக்கப்பட்ட நாடு, உதிரிபாகங்கள் வந்த நாடுகள், இறுதியாக அந்தப் பாகங்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டு வண்டியான நாடு. பிரிட்டனின் பெருமையாகக் கருதப்படும் ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடா குழுமத்துக்குச் சொந்தம். சுவீடனின் வால்வோ கார் நிறுவனத்தைச் சீனத்தின் ஜீலி 2010-இல் வாங்கியது. பழைய பிரிட்டிஷ் பெயரான எம்.ஜி. இன்று சீனத்தின் எஸ்.ஏ.ஐ.சி. கையில் இருக்கிறது, நம் ஊரில் ஓடும் எம்.ஜி. வண்டிகள் குஜராத்தின் ஹாலோலில் தயாராகின்றன.

நமக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு மைசூர்ச் சாலையில் இருக்கிறது. பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் 2022 முதல் மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாராவும் டொயோட்டாவின் ஹைரைடரும் உடன்பிறப்புகளாகத் தயாராகத் தொடங்கின. மாருதியின் பலேனோ, முகப்பு மாறி, டொயோட்டா கிளான்சா என்று விற்கிறது. டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ், மாருதி இன்விக்டோவாகவும் வருகிறது. ஒரே வண்டியைச் சிறு மாற்றங்களுடன் வேறு சின்னத்தில் விற்பதைத் தொழில்துறையினர் 'சின்னம் மாற்றுதல்' என்பார்கள். எனவே 'நான் மாருதியை நம்பமாட்டேன், டொயோட்டாதான் வாங்குவேன்' என்று கிளான்சா வாங்கியவர் பலேனோவைத்தான் வாங்கியிருக்கிறார்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. பலேனோ 2016 முதல் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குக் கப்பல் ஏறியது. ஐந்து கதவு ஜிம்னி 2025-இல் அதே வழியில் சென்றது. டோக்கியோவில் ஒருவர் வாங்கும் 'ஜப்பான் கார்' இந்தியத் தொழிலாளர் பூட்டியதாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைப் பார்க்கலாம். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்த வரிசையின் முதல் எழுத்துகள் தயாரிப்பாளரையும் நாட்டையும் குறிக்கின்றன. இந்தியத் தயாரிப்புகள் பெரும்பாலும் ஆங்கில 'எம்' எழுத்திலும், ஜப்பானியவை 'ஜே'யிலும், ஜெர்மானியவை 'டபிள்யூ'விலும் தொடங்கும்.

இதுவரை பார்த்தது: முகப்புச் சின்னம் ஒரு நாட்டைச் சொல்லலாம், வண்டி பல நாடுகளின் கூட்டு வேலை.

மூடிக்குள் இருப்பவர்கள்

கார் நிறுவனம் என்று நாம் அழைப்பது, வண்டியின் எல்லாப் பாகங்களையும் செய்யும் நிறுவனம் அன்று. பிரேக் அமைப்பு, எரிபொருள் தெளிப்பான், கியர் பெட்டி, ஏர்பேக், விளக்கு என ஏராளமான பாகங்களை வேறு நிறுவனங்கள் செய்து தருகின்றன. இவர்களை 'முதல்நிலைப் பாகத் தயாரிப்பாளர்' என்கிறார்கள், அதாவது கார் ஆலைக்கு நேரடியாகப் பாகம் கொடுப்பவர். ஜெர்மனியின் போஷ், இசட்.எஃப்., ஜப்பானின் டென்சோ, ஐசின், பிரான்சின் வலியோ ஆகியவை இவ்வகையில் பெரியவை. பெங்களூருத் தமிழர்களுக்குப் போஷ் அந்நியமான பெயர் அன்று. ஆடுகோடியில் 1950-களிலிருந்து எரிபொருள் தெளிப்புப் பம்புகளும் ஸ்பார்க் பிளக்குகளும் செய்த 'மைக்கோ' தான் 2008-இல் போஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மைக்கோ சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சமையலைத் தொடங்கியதாகச் சொல்லும் பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுநர்களின் வாக்குவாதத்தைப் புரிந்துகொள்ள ஓர் எஞ்சினின் கதை போதும். இத்தாலியின் ஃபியட் உருவாக்கி 2003-இல் வெளியிட்ட 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின், இந்தியாவில் மாருதியின் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா ஆகியவற்றில் டி.டி.ஐ.எஸ். என்ற பெயரிலும், டாடாவின் விஸ்டாவில் குவாட்ராஜெட் என்ற பெயரிலும், ஃபியட்டின் சொந்த வண்டிகளில் தன் பெயரிலும் ஓடியது. 2020-இல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோதுதான் மாருதி அதைக் கைவிட்டது. டாக்ஸி ஸ்டாண்டில் 'ஜப்பான்காரன் டீசலைப் பார், என்ன மைலேஜ்' என்று ஸ்விஃப்டைப் புகழ்ந்தவரும், 'இத்தாலி வண்டியா, வேண்டவே வேண்டாம்' என்று ஃபியட்டை ஒதுக்கியவரும் ஒருவராகவே இருந்ததுண்டு. இரண்டிலும் துடித்தது இத்தாலிய எஞ்சின்தான். ஃபியட்டை ஒதுக்கியதற்கு அவரிடம் நியாயமான காரணமும் இருந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பாகத் தயாரிப்பாளரின் பிழையும் எல்லை பார்ப்பதில்லை. ஜப்பானின் டகாடா நிறுவனம் செய்த ஏர்பேக் ஊதிகளில் பயன்படுத்திய வேதிப்பொருள், வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் அளவு மீறி வெடித்தது. உலோகத் துண்டுகள் சிதறி உயிர்கள் போயின. ஹோண்டா, டொயோட்டா, பி.எம்.டபிள்யூ., ஃபோர்டு என மூன்று கண்டத்து நிறுவனங்களும் கோடிக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. 2017-இல் டகாடா திவாலானது. 'நான் வாங்கியது ஜெர்மன் வண்டி' என்ற நிம்மதி அந்த ஏர்பேக்கை மாற்றிவிடவில்லை.

ஐந்து பேர், ஐந்து அளவுகோல்

இப்போது 'சிறந்தது' என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது மாமா சம்பளத்தைக் கேட்பார், அத்தை குணத்தைக் கேட்பார், பெண்ணுக்கு வேறொரு கவலை இருக்கும். அனைவரும் கேட்பது 'நல்ல பையனா?' என்ற ஒரே கேள்வியைத்தான்.

காரில், நம்பகத்தன்மை என்பது குறிப்பிட்ட காலத்தில் வண்டி எத்தனை முறை பழுதாகிறது என்பது. நீடித்த உழைப்பு என்பது பழுதுகளைச் சரிசெய்துகொண்டே எத்தனை ஆண்டுகள் ஓட்ட முடியும் என்பது. இவை இரண்டும் வேறு வேறு. அடிக்கடி சிறு பழுது வரும் வண்டி முப்பது ஆண்டு உழைக்கலாம். கொல்கத்தாவின் அம்பாசிடர் டாக்ஸிகளை நினைத்துப் பாருங்கள். முதல் ஐந்து ஆண்டு ஒரு குறையும் காட்டாத வண்டி, ஆறாம் ஆண்டில் ஒரு மின்னணுப் பெட்டி போனதும், செலவைத் தாங்க முடியாமல் மூலையில் நின்றுவிடலாம். ஓட்டும் சுகம், மோதலில் உயிர் காக்கும் திறன், பராமரிப்புச் செலவு ஆகிய மூன்றும் தனித்தனி.

அளவிடும் முறையும் கருத்தை மாற்றுகிறது. அமெரிக்காவின் ஜே.டி. பவர் ஆய்வுகள், நூறு வண்டிகளுக்கு எத்தனை குறைகளை உரிமையாளர்கள் சொன்னார்கள் என்று கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கில் கியர் பெட்டி போனதும் ஒரு குறை. கைபேசி காரோடு இணைய மறுத்ததும் ஒரு குறை. அதனால் கருவிகள் நிறைந்த விலையுயர்ந்த வண்டிகள் பட்டியலில் கீழே இறங்கக்கூடும். ஆய்வு பொய் சொல்லவில்லை. நாம் தேடிய பதில் அதில் இல்லாமல் இருக்கலாம்.

நாடு உண்மையில் எங்கே நுழைகிறது?

இதுவரை சொன்னதைக் கேட்டு, நாட்டுக்கும் காருக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடர்பு உண்டு. அந்தந்த நாட்டின் சாலை, வரி, சட்டம் ஆகியவற்றின் வழியாக அது நுழைகிறது.

ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் வேக வரம்பு கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. அங்கே விற்கும் வண்டி, மணிக்கு 180 கிலோமீட்டரில் மணிக்கணக்கில் போனாலும் நடுங்காமல், பிரேக் சூடேறிச் செயலிழக்காமல் இருக்க வேண்டும். தொப்பூரில் நம் ஓட்டுநர் உணர்ந்த பிடிப்பு அந்தச் சாலைக்காகப் பிறந்தது. ஜப்பானிலோ குறுகிய தெருக்களுக்காக, 660 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் 3.4 மீட்டருக்கு மிகாத நீளமும் உள்ள 'கேய்' என்ற சிறு கார்களுக்குச் சலுகைகள் உண்டு. சின்ன இடத்தில் நிறைய அடைக்கும் கலையை அந்தச் சட்டம் வளர்த்தது. 1983 டிசம்பரில் வந்து இந்தியாவையே சக்கரத்தில் ஏற்றிய மாருதி 800, அந்தக் குடும்பத்து வண்டியிலிருந்து 796 சி.சி. எஞ்சினோடு வந்ததுதான்.

நம் நாடும் கார்களைச் செதுக்குகிறது. 2006-இல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. நான்கு மீட்டரைத் தாண்டியிருந்த டிசையர், 2012-இல் பின்புறம் குறுக்கப்பட்டு வரம்புக்குள் வந்தது. அந்தப் பின்பக்க அழகைப் பற்றி எத்தனையோ கேலிகள் வந்தன. வரைந்தவர் கையை அந்த அளவுக்குக் கட்டியது நம் வரிச் சட்டம்.

அதனால் ஒரு வண்டி தன் சொந்த ஊரில் பெற்ற புகழ் நம் ஊரில் அப்படியே செல்லாது. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் முதல் கியரிலேயே ஊர்ந்து, தெருவுக்கு மூன்று வேகத்தடை ஏறி இறங்கும் வண்டிக்கு, ஆட்டோபான் நிதானத்தைவிட வலுவான கிளட்ச்சும் போதுமான தரை இடைவெளியும் முக்கியம்.

சுருக்கமாக: நாடு காரின் குணத்தை வடிக்கிறது. ஆனால் குணம் வேறு, தரம் வேறு.

தரம் பிறக்கும் இடம்

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் நெருக்கமானது, அதனால் சற்று நின்று சொல்கிறேன். டொயோட்டா, தறி செய்த குடும்பத்திலிருந்து வந்த நிறுவனம். சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நிற்காத தறி, அறுந்த நூலோடு முழுத் துணியையும் கெடுத்துவிடும் என்பது காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் நெசவு தெரிந்த எவருக்கும் புரியும். அந்த எண்ணத்தையே அவர் வழிவந்தவர்கள் கார் ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிகள் நகர்ந்துகொண்டே பூட்டப்படும் வரிசையில் ஒரு கயிறு தொங்கும். குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். தீராவிட்டால் வரிசை நிற்கும். இந்த ஏற்பாட்டை 'அண்டோன்' என்கிறார்கள். குறையை அடுத்தவரிடம் தள்ளிவிடாமல், பிறந்த இடத்திலேயே நிறுத்துவது அதன் சாரம்.

இது ஜப்பானியரின் பிறவிக் குணமா? 1957-இல் டொயோட்டா அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரவுன் கார்கள் அங்குள்ள நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த விற்பனையை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. 1950-இல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர் ஜப்பானுக்குச் சென்று, புள்ளியியல் வழியே தரத்தைக் கட்டுப்படுத்துவதை நடத்திக் காட்டினார். அவர்கள் அதைக் கற்று, பல ஆண்டுகள் உழைத்து மேலேறினார்கள்.

இதைவிட உறுதியான சான்று கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் கிடைத்தது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, வேலைக்கு வராமையாலும் சச்சரவுகளாலும் மோசமான வண்டிகளாலும் பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்து, பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரை மீண்டும் எடுத்தன. சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். வரிசையில் கயிறு தொங்கியது. விரைவிலேயே அந்த ஆலையின் வண்டிகள் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஈடாகப் பேசப்பட்டன. மண்ணும் மனிதர்களும் அவர்களேதான். வேலை செய்யும் முறையும், மேலாளர் தொழிலாளியை நடத்தும் விதமும் மாறியிருந்தன.

அதே ஆலையில் ஒரே காரை டொயோட்டா கொரோலா என்றும், ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிசம் என்றும் இரு சின்னங்களில் விற்றார்கள். கொரோலாவே அதிகம் விற்றது. பழைய சந்தையிலும் அதற்கே கூடுதல் விலை. பிரிசத்தைப் புரிந்து வாங்கியவர், நல்ல வண்டியை மலிவாகப் பெற்றார்.

ஒரே பெயர், இரண்டு நட்சத்திரக் கணக்கு

பாதுகாப்பில் நாட்டுப் பெயர் இன்னும் பெரிதாக ஏமாற்றும். ஐரோப்பிய மோதல் சோதனையில் 2010-இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற சுசுகி ஸ்விஃப்டின் இந்தியப் பதிப்பு, ஏர்பேக் இல்லாத நிலையில் 2014-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் பூஜ்யம் பெற்றது. அதே ஆண்டு இந்திய ஃபோக்ஸ்வாகன் போலோ ஏர்பேக் இல்லாமல் பூஜ்யமும், ஏர்பேக்குகளுடன் நான்கு நட்சத்திரமும் பெற்றது. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: ஜெர்மன் வண்டியும் பூஜ்யம் வாங்கியது; ஒரு பாகத்தைச் சேர்த்ததும் எழுந்தது. எந்தச் சந்தைக்கு எந்தப் பாகங்களோடு அனுப்புவது என்ற பட்டியலைத் 'தயாரிப்புக் குறிப்பு' என்பர். சட்டம் கேட்காத இடத்தில் அந்தப் பட்டியல் மெலிகிறது. நம் உயிருக்கு ஒரு விலையும் அடுத்தவர் உயிருக்கு ஒரு விலையும் வைத்த அந்தக் காலத்தை என்னால் இன்றும் கோபமின்றி நினைக்க முடியவில்லை. 2018-இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்று, இந்தியாவில் உருவான வண்டியாலும் முடியும் என்று காட்டியது. 2019 முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. 2023-இல் நம் நாட்டின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் வந்தது.

ஒரு பானைச் சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தப் பழமொழி சமையலில் பலிக்கிறது, ஏனென்றால் பானையில் உள்ள எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வெந்தவை. ஒரு நாட்டின் கார்கள் ஒரே பானையில் வெந்தவை அல்ல. வேறு வேறு நிறுவனம், ஆலை, ஆண்டு, எஞ்சின். ஒரு வண்டியைப் பதம் பார்த்து ஒரு தேசத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது.

புள்ளியியலில் இதைச் சராசரியும் பரவலும் என்பார்கள். பரவல் என்பது, தனித்தனி அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது. ஒரு பள்ளியின் கணித மதிப்பெண் சராசரி 62, இன்னொன்றினது 65 என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் 95 வாங்கிய பெண்ணும், இரண்டாம் பள்ளியில் தவறிய பையனும் இருக்கக்கூடும். பள்ளியின் பெயரை மட்டும் கேட்டு வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆள் வைப்பவர், பையனிடம் போய் நிற்கலாம். கார்களிலும், ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்கிடையே உள்ள வேறுபாடு இரு நாடுகளின் சராசரி வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்க முடியும்.

நினைவின் காலமும் உண்டு. 1986-இல் ஹூண்டாய் எக்ஸெல் காரை வாங்கி நொந்த அமெரிக்கர் ஒருவர், கொரியக் கார் என்றாலே இன்றும் முகம் சுளிக்கலாம். 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோவை முதல் கொரியக் காராகக் கண்ட நம்மவருக்கு அந்தக் கசப்பு கிடையாது. இருவரும் 'கொரியா' என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் 1986-ஐயும் மற்றவர் 1998-ஐயும் பேசுகிறார்.

இனி ஃபியட்டை ஒதுக்கிய அந்த ஓட்டுநரின் நியாயம். எஞ்சின் ஒன்றாக இருந்தாலும், ஸ்விஃப்டின் விளக்கும் பம்பரும் பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. சாலையில் கேட்ட கணத்தில் கிடைக்கும். தருமபுரியிலும் மெக்கானிக் இருப்பார். மற்ற வண்டிக்கு ஒரு பாகம் வர நாட்கள் ஆகும், அத்தனை நாளும் வருமானம் இல்லை. வாடகை ஓட்டுநருக்கு நம்பகத்தன்மை என்பது பழுது வராமை மட்டும் அன்று, மறுநாள் காலை வண்டி கிளம்புவதும்தான். அவர் அதை 'இத்தாலி வண்டி சரியில்லை' என்று சுருக்கிச் சொன்னார். அவர் உணர்ந்தது சேவை மையங்களின் தொலைவு.

அண்ணன் கேட்ட கேள்வி

பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அவருடைய கேள்வியைப் பிரித்து எழுதினோம். ஓட்டம் பெரும்பாலும் நகருக்குள். மாதம் ஒருமுறை சேலத்துக்கு, வயதான அம்மாவைப் பார்க்க. பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள். கையில் இருக்கும் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்க மனமில்லை. எழுதி முடித்தபோது, எந்த மாடல், எந்த ஆண்டு, அந்தப் பதிப்பில் எத்தனை ஏர்பேக், மோதல் சோதனை எந்தப் பதிப்புக்கு நடந்தது, முந்தைய உரிமையாளரிடம் சர்வீஸ் சீட்டுகள் உள்ளனவா, கிளட்ச் பிளேட்டும் முன்விளக்கும் என்ன விலை, சேலத்தில் யார் பார்ப்பார்கள் என்று தாள் நிரம்பியிருந்தது. நாட்டின் பெயருக்கு அதில் இடமே வரவில்லை.

மூன்று வண்டிகளைப் பார்த்தபின் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கையெழுத்துக்கு முன்பு சேசிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படித்தவர், முதல் எழுத்தைக் கண்டு நிமிர்ந்து, "எம் என்று இருக்கிறதே, அப்படியானால் இது நம் ஊர் வண்டியா?" என்று கேட்டார். முகப்பில் ஜப்பானியச் சின்னம் இருந்தது. எஞ்சின் இத்தாலியில் வரையப்பட்டது. பூட்டியது ஹரியானாவில். நான் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அவர் குனிந்து, பின்னிருக்கை சீட் பெல்ட் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று இழுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.